சட்டை உரிக்கப் போகும் பாம்பு: உழவர்கள் அறிய வேண்டியவை

வைக்கோல் போரின் அடியிலும், கிணற்றுச் சுவரின் இடுக்கிலும், வரப்போரத்து வேலியிலும் பாம்புச் சட்டை கிடப்பதைப் பார்க்காத உழவர் எவரும் இருக்க முடியாது. அதைக் கண்டதும், "இங்கே பாம்பு வந்து போயிருக்கிறது" என்று சொல்லிக் கோலால் எடுத்துத் தூர எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். ஆனால் சட்டை என்பது நடந்து முடிந்த செய்தி. அதற்கு முந்திய பத்துப் பதினைந்து நாட்களில் அந்தப் பாம்பு நம் நிலத்திலேயே, அநேகமாக அந்த இடத்திற்குப் பக்கத்திலேயே, கண் மங்கிப் பதுங்கிக் கிடந்திருக்கிறது.

அந்த நாட்களில் பாம்பின் குணம் மாறுகிறது. ஆள் அரவம் கேட்டதும் ஓடும் பாம்பு ஓடாமல் கிடக்கும். சாதுவான பாம்பு சீறிக் கொத்த வரும். இந்த மாறுதலை அறியாததால் உழவர்களுக்கு இரண்டு வகையில் கேடு வருகிறது. ஒன்று, பதுங்கிக் கிடக்கும் விஷப் பாம்பின் மீது கையோ காலோ வைத்துக் கடிபடுவது. மற்றொன்று, எலியைத் தின்று நமக்கு உதவும் சாரைப்பாம்பை நாகம் என்று எண்ணி அடித்துக் கொல்வது. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், சட்டை உரிப்பதற்கு முன் பாம்பிடம் தோன்றும் அடையாளங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டையை ஏன் உரிக்கிறது?

நமது தோலின் மேலடுக்கும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பொடிப்பொடியாக உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை. பாம்பின் தோலில் மேலடுக்கு நமது நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. உடல் வளரும்போது அது கூடவே வளராது. கல்லிலும் மண்ணிலும் ஊர்வதால் தேய்ந்தும் போகிறது. எனவே அடியில் புதிய அடுக்கை உண்டாக்கிக்கொண்டு, பழையதை ஒரே உறையாகக் கழற்றிவிடுகிறது. தோலில் ஒட்டியிருக்கும் உண்ணிகள் சிலவும் அத்துடன் போகும்.

வளரும் குட்டிகள் அடிக்கடி சட்டை உரிக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகள் பல, முதல் இரண்டு வாரத்திற்குள்ளேயே முதல் சட்டையைக் கழற்றிவிடுகின்றன. முழு வளர்ச்சி பெற்ற பாம்பு ஆண்டுக்குச் சில முறை உரிக்கும். இரை நன்றாகக் கிடைத்தாலும், உடலில் காயம் பட்டாலும் அதிக முறை உரிப்பதுண்டு. சட்டை உரிக்க இன்ன மாதம் என்று கிடையாது. ஆகவே, "இது சட்டை உரிக்கும் காலமல்ல" என்று எந்த மாதத்திலும் அசட்டையாக இருக்கக் கூடாது.

நான்கு கட்டங்கள்

பட்டுப்புழு வளர்ப்போருக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. புழு தோலுரிக்கும் முன் இலை தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் இலை போடாமல், புழுவைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். பாம்புக்கும் அதுபோன்ற ஒரு ஓய்வுக் காலம் உண்டு.

முதல் கட்டத்தில் உடல் நிறம் மங்கும். பளபளப்பு குறைந்து, சாம்பல் பூசியதுபோல் தோன்றும். அடியில் புதிய தோல் உருவாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது அறிகுறி.

இரண்டாம் கட்டமே முக்கியமானது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர் போன்ற ஒரு திரவம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது. பாம்புக்கு இமை கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் மூடியிருக்கிறது. அதுவும் தோலின் ஒரு பகுதியே. அதன் அடியிலும் இந்தத் திரவம் சேர்வதால் கண் வெளுத்து, நீலம் கலந்த பால் நிறமாகத் தெரியும். கண் பூ விழுந்த மாட்டின் கண்ணைப் போல இருக்கும். சில நாட்கள் முதல் ஏறக்குறைய ஒரு வாரம் வரை இந்நிலை நீடிக்கும். அதுவரை பாம்புக்குப் பார்வை சரியாக இராது.

மூன்றாம் கட்டத்தில் கண் மறுபடியும் தெளிந்துவிடும். பார்ப்பதற்குப் பாம்பு சாதாரணமாகவே தோன்றும். ஆனால் சட்டை இன்னும் உரியவில்லை. இந்நிலை இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை இருக்கும்.

நான்காம் கட்டத்தில் பாம்பு தன் மூக்கையும் உதட்டோரத்தையும் கல், வேர், மரப்பட்டை போன்ற சொரசொரப்பான பொருளில் தேய்க்கும். உதட்டில் பழைய தோல் கிழிந்ததும், அதை ஏதேனும் ஒன்றில் மாட்டிக்கொண்டு முன்னோக்கி ஊர்ந்து வெளியேறும். காலுறையை மேலிருந்து சுருட்டிக் கழற்றினால் உட்புறம் வெளியே வருவதுபோல், சட்டையும் உள்வெளியாகத் திரும்பிக் கழலும். முதல் அறிகுறி தொடங்கிச் சட்டை விழும்வரை ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது என்று கொள்ளலாம்.

நடத்தையில் தோன்றும் மாற்றங்கள்

1. ஓடாமல் பதுங்கும். பார்வை மங்கியிருப்பதால் வெளியே திரிவது பாம்புக்கே ஆபத்து. கீரிக்கும் பருந்துக்கும் எளிதில் இரையாகிவிடும். ஆகவே மறைவான இடத்தில் சுருண்டு கிடக்கும். பகலில் வயலில் விரைந்து ஓடும் சாரைப்பாம்புகூட, நாம் பக்கத்தில் போனாலும் அசையாமல் கிடப்பதுண்டு.

2. எளிதில் சினம் கொள்ளும். தரையின் அதிர்வையும் நம் உடலின் வாசனையையும் உணரும். ஆனால் எதிரே வருவது என்ன என்று சரியாகப் பார்க்க முடியாது. அதனால் தற்காப்புக்காகச் சீறும். சில வேளைகளில் குறி தவறியும் கொத்தும். இதை மூர்க்கம் என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும்.

3. இரை எடுக்காது. பெரும்பாலான பாம்புகள் கண் வெளுத்த நாட்களில் உணவை ஒதுக்கிவிடும். சட்டை கழன்றதும் பசியோடு இரை தேடிக் கிளம்பும்.

4. ஈரத்தை நாடும். காற்றில் ஈரம் குறைந்தால் சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். எனவே குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தைத் தேடி வரும்.

அயல்நாடுகளில் பாம்பைக் கூண்டில் வளர்ப்பவர்கள் இந்த மாற்றங்களை நாள்தோறும் கவனிக்கிறார்கள். கண் வெளுத்ததும் தீனியை நிறுத்தி, கூண்டுக்குள் ஈரப்பாசி நிரப்பிய பெட்டி ஒன்றை வைத்து, பாம்பைக் கையில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பழகிய பாம்பையே தொடாதிருக்கும்போது, வயலில் கிடக்கும் பாம்பிடம் நாம் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்து வளர்ப்பது, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிலத்தில் எங்கே இருக்கும்?

மறைவு, ஈரம், சொரசொரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் எதுவோ அதுவே சட்டை உரிக்க ஏற்ற இடம். நமது தோட்டத்தில் அத்தகைய இடங்களை எண்ணிப் பார்ப்போம். தொட்டியிலிருந்து நீர் கசியும் மோட்டார் கொட்டகை, அதிலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டியின் அடிப்புறம், கல்கட்டுக் கிணற்றின் இடுக்கு, வைக்கோல் போரின் அடிப்பகுதி, தென்னை மட்டைக் குவியல், விறகு அடுக்கு, எருக்குழியின் ஓரம், வாய்க்கால் கரையிலுள்ள எலி வளை, கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை மூடிய தரை ஆகியவை முக்கியமானவை.

இரவு முறையில் மின்சாரம் வரும்போது மோட்டார் போடச் செல்பவர்கள் கைவிளக்கு இல்லாமல் கொட்டகைக்குள் நுழையக் கூடாது. கதவைக் கோலால் தட்டி, தரையையும் சுவர் ஓரத்தையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். வைக்கோல் பிடுங்கும்போது அடியில் கைவிட்டு இழுக்காமல் மேலிருந்து எடுக்க வேண்டும். மட்டையையும் விறகையும் நீண்ட கோலால் புரட்டிய பிறகே கையால் தொட வேண்டும். சாதாரண நாட்களில் தட்டும் அதிர்வைக் கேட்டே பாம்பு விலகிவிடும். கண் மங்கிய பாம்பு விலகாமலும் இருக்கலாம். அதனால், "தட்டினேன், ஒன்றும் ஓடவில்லை" என்பதை மட்டும் நம்பாமல், வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பது அவசியம்.

எதிரில் கண்டால்

பத்தடிக்குக் குறையாமல் விலகி நில்லுங்கள். கண் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம். நிறம் மங்கி, ஓடாமல் ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தால் சட்டை உரிக்கும் நிலையில் இருக்கக்கூடும் என்று கருதிக்கொள்ளலாம். ஆனால் ஓடாமல் கிடப்பதால் மட்டும் அப்படி முடிவு செய்துவிடக் கூடாது. கண்ணாடி விரியன் எந்த நாளிலும் அசையாமல் கிடந்து, நெருங்கினால் உரக்கச் சீறும் இயல்புடையது. இரை விழுங்கிய பாம்பும் ஓடாது.

தோட்டத்தின் ஓரத்திலோ வரப்பிலோ கிடந்தால் அந்த இடத்தை இரண்டு வாரத்திற்கு விட்டுவிடுங்கள். அங்கே வேலை செய்யும் ஆட்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கண் தெளிந்த பிறகும் பாம்பு சில நாட்கள் அங்கேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டுக்கு உள்ளேயோ, மாட்டுக் கொட்டிலிலோ, தினமும் புழங்கும் இடத்திலோ இருந்தால் தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள். நாமே பிடிக்கவோ அடிக்கவோ முயலும்போதுதான் பல கடிகள் நேருகின்றன.

சட்டையைப் படிப்பது எப்படி?

கிடக்கும் சட்டையை உடனே எறிந்துவிடாமல் சற்று கவனித்தால், வந்து போனது எந்தப் பாம்பு என்பதை ஓரளவு ஊகிக்கலாம். முதலில் சுற்றுமுற்றும் நன்றாகப் பார்த்துவிட்டு, கோலால் திறந்த வெளிக்குத் தள்ளிக் கொண்டுவாருங்கள். ஈரமாகவும் மென்மையாகவும் இருந்தால் சட்டை புதிது. பாம்பு பக்கத்தில் இருக்கலாம். காய்ந்து சலசலத்தால் நாட்பட்டது. கழலும்போது இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாகவே இருக்கும். ஆறடிச் சட்டைக்கு உரிய பாம்பு ஐந்தடி அளவே இருக்கலாம்.

உடலின் நடுப்பகுதியில், வயிற்றுப் பட்டைகளை விட்டு, முதுகுச் செதில்களைக் குறுக்கே எண்ணுங்கள். சாரைப்பாம்புக்குப் பெரும்பாலும் 17 வரிசை. நாகத்திற்கு 21 முதல் 25 வரை. கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33 வரை.

கட்டுவிரியனை அறிய முதுகின் நடுவரிசையைப் பாருங்கள். அந்த வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியவை. அறுகோண வடிவமாக இருக்கும். கொம்பேறி மூக்கனுக்கும் நடுவரிசை பெரியதுதான். ஆனால் கொம்பேறி மூக்கனின் வால் மிக நீளம். வாலின் அடிப்புறப் பட்டைகள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். கட்டுவிரியனின் வால் குட்டை. அடிப்புறப் பட்டைகள் பிரியாமல் ஒற்றையாக இருக்கும்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் செதில்களில் நடுவே ஒரு கோடு ஓடும். தலையிலும் சின்னஞ்சிறு செதில்களே இருக்கும். தண்ணீர்ப் பாம்பின் செதிலிலும் கோடு உண்டு. ஆனால் அதன் தலையில் பெரிய பெரிய தகடுகள் அமைந்திருக்கும். மண்ணுளிப் பாம்புக்கும் தலையில் சிறு செதில்கள்தான். ஆனால் அதன் வயிற்றுப் பட்டைகள் குறுகலானவை. விரியன்களின் வயிற்றுப் பட்டைகள் வயிற்றின் முழு அகலத்திற்கும் பரவியிருக்கும்.

கிழிந்த சட்டையை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. ஐயம் இருந்தால் விஷப் பாம்பு என்றே கருதி நடந்துகொள்வது நல்லது. சட்டையில் விஷம் கிடையாது. எனினும் நோய்க்கிருமிகள் இருக்கலாமாதலால், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

சட்டை உரித்த பாம்புக்கு விஷம் ஏறிவிடும் என்பது சரியல்ல. விஷம் தலையிலுள்ள சுரப்பியில் ஊறுகிறது. சட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண் வெளுத்த பாம்பு வயதாகிக் குருடான நாகம் என்பதும் தவறு. சின்னஞ்சிறு குட்டிக்கும் சட்டை உரிக்கும் முன் கண் வெளுக்கும். சாரையும் நாகமும் இணை சேரும் என்பது மற்றொரு தவறு. பின்னிப் பிணைந்து எழுந்து ஆடுவதாக நாம் காண்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலப்பரீட்சை செய்வதைத்தான். பினாயில், பூண்டுச் சாறு போன்றவற்றைத் தெளித்தால் பாம்பு அண்டாது என்று நம்பிக் காசைச் செலவிட வேண்டாம். இடத்தைச் சுத்தமாக வைப்பதும், எலி வளைகளை அடைப்பதும், கொட்டகைச் சுவரின் ஓட்டைகளைப் பூசுவதுமே பலன் தரும்.

சாரையைக் கொல்வதால் யாருக்கு நஷ்டம்?

சாரைப்பாம்பு விஷமற்றது. எலி வளைக்குள்ளேயே நுழைந்து எலியைப் பிடிக்கக்கூடியது. பூனையோ ஆந்தையோ அங்கே போக முடியாது. எலியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ மூன்று வாரமே. ஒரு ஈற்றில் பல குட்டிகள் போடும். நாம் கிட்டி வைத்தும், ஆந்தை உட்கார 'டி' வடிவக் குச்சி நட்டும் எலியை ஒழிக்கப் பாடுபடுகிறோம். கூலி இல்லாமல் அதே வேலையைச் செய்யும் சாரையை, ஓடாமல் கிடக்கிறது என்பதற்காக அடித்துக் கொன்றால் நஷ்டம் நமக்குத்தான். சாரை கடித்தால் காயம் ஏற்படும், விஷம் ஏறாது. ஆனால் கடித்தது சாரைதான் என்று நாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கடித்துவிட்டால்

2020 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த இறப்புகளில் பல, நேரத்தோடு மருத்துவமனைக்குப் போயிருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கும்.

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். தைரியம் சொல்லிப் படுக்க வையுங்கள். கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். வீக்கம் வருமாதலால் மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. விரியன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பதால், கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமல் போகலாம். 108 ஆம்புலன்சை அழையுங்கள். அது வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே முறிவு மருந்துதான் கொடுக்கப்படுகிறது.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. பல் பட்ட இடம்கூடத் தெரியாது. இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோ, கண் இமை தானாக மூடுவதோ, பேச்சுக் குழறுவதோ கண்டால், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று எண்ணி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது கட்டுவிரியனிடமிருந்து காக்கும் எளிய வழி.

அந்த முறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்தைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. 1978-ல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தார், பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்தபின் அதைக் கொல்லாமல் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்கள் பாம்பு போன தடத்தையும் கிடக்கும் சட்டையையும் பார்த்து, எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது என்று அறிந்துகொள்பவர்கள். அந்த அறிவில் ஒரு சிறு பகுதியை நாமும் பழகிக்கொள்ளலாம்.

அடுத்த முறை தோட்டத்தில் சட்டை கிடைத்தால், அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறைவும் ஈரமும் அங்கே எப்படி வந்தன என்று பாருங்கள். ஆட்கள் புழங்கும் இடமானால் குவியலை அகற்றி, கசிவை நிறுத்தி, இடுக்கை அடையுங்கள். ஆள் நடமாட்டமில்லாத ஓரமானால் அப்படியே விட்டுவிடுங்கள். பாம்பு தன் சட்டையைக் கழற்றிக்கொண்டு எலி பிடிக்கப் போகட்டும்.